சாமுவேல் பெக்கெட்டை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகம் இருபது பக்கம் தாண்டவில்லை, ஒன்றுமே நடக்காத இதை எழுதியவருக்கு எதற்கு நோபல் பரிசு என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் முதல் தடவை அங்கேயேதான் மூடிவைத்தேன். தப்பு என் பென்சிலுடையது. இரண்டு பேர் காத்திருந்தும் கடைசிவரை வராத அந்தக் கோடோ கடவுளா, மரணமா, விடுதலையா என்று பக்க ஓரத்தில் எழுதிக்கொண்டே போனேன். பெக்கெட்டோ, கடவுளைச் சொல்ல நினைத்திருந்தால் கடவுள் என்றே எழுதியிருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்.

பென்சில் இல்லாமல் மறுபடி படித்தபோது கண்ணில் பட்டவை பூட்ஸும் காய்கறியும்தான். தொடக்கத்திலேயே, காத்திருக்கும் இருவரில் ஒருவனான எஸ்ட்ரகன் பூட்ஸைக் கழற்ற முடியாமல் மல்லுக்கட்டுகிறான். பிறகு பசி. மற்றவன் விளாதிமிர் பையைத் துழாவி கேரட் என்று ஒன்றை நீட்டுகிறான். கடித்துப் பார்த்தால் டர்னிப் கிழங்கு. மறுபடி துழாவி ஒரு கேரட்டை எடுத்துத் தந்து, இதுதான் கடைசி, பார்த்துச் சாப்பிடு என்கிறான். இது பட்டினி தெரிந்தவன் எழுதியது.

பெக்கெட்டுக்குத் தெரியும். 1906-இல் டப்ளின் அருகே ஃபாக்ஸ்ராக்கில் வசதியான வீட்டில் பிறந்தவர்தான். டிரினிட்டி கல்லூரிப் படிப்பு, முதல் தரக் கிரிக்கெட்கூட ஆடியிருக்கிறார். ஆனால் போர்க்காலப் பாரிஸில் நாஜிகளுக்கு எதிரான ரகசியக் குழுவில் சேர்ந்தார். 1942-இல் குழு காட்டிக்கொடுக்கப்பட்டது. அவரும் துணைவி சூசானும் தப்பி, தெற்கே ரூசியோன் என்ற கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போர் எப்போது முடியும் என்று தெரியாமல் அங்கே இரண்டு ஆண்டு. பிழைப்புக்கு வயல்வேலை. நாடகத்தை 1948 அக்டோபரில் தொடங்கி நான்கே மாதத்துக்குள் பிரெஞ்சில் எழுதி முடித்தார். அந்த மூலத்தில் விளாதிமிர், ரூசியோனில் போன்னெல்லி என்பவரிடம் நாம் திராட்சை பறித்தோமே, அங்கே எல்லாமே சிவப்பாக இருக்குமே என்கிறான். நிஜ ஊர், நிஜ விவசாயி, செம்மண்ணும் நிஜம். ஆங்கிலத்தில் தானே மொழிபெயர்த்தபோது அந்தப் பெயர்களை எடுத்துவிட்டார். அதனால்தான் ஆங்கிலத்தில் படிக்கும் நமக்கு எல்லாம் அந்தரத்தில் நடப்பதுபோல் இருக்கிறது.

காரணம் தேடுகிறவர்களுக்கு இன்னொன்று. 1938 ஜனவரியில் பாரிஸ் தெருவில் யாரோ ஒருவன் அவரைக் கத்தியால் குத்தினான். பிழைத்து வந்து, ஏன் குத்தினாய் என்று அவனிடமே கேட்டார். ‘தெரியவில்லை ஐயா, மன்னியுங்கள்’ என்றானாம். வழக்கைத் தொடராமல் விட்டுவிட்டார்.

நோபல் 1969-இல் வந்தது. செய்தி கேட்ட சூசான் ‘என்ன பேரிடர்!’ என்றார். பரிசு வாங்க பெக்கெட் ஸ்டாக்ஹோம் போகவில்லை, பதிப்பாளர் போனார்.

சரி, தொடக்கத்துக்கு எது? கோடோவை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். நாவல் வேண்டுமென்றால் ‘மொல்லாய்’. அதில் ஒருவன் பதினாறு கூழாங்கற்களை நான்கு பைகளில் வைத்துக்கொண்டு, ஒரே கல்லை இரண்டு முறை சப்பாமல் வரிசையாகச் சப்புவது எப்படி என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுவான். எனக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஆனாலும் முதலில் நான் கையில் கொடுப்பது ‘கிராப்பின் கடைசி டேப்’. 1958-இல் வந்த சின்ன நாடகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அறுபத்தொன்பது வயதுக் கிழவன் பிறந்தநாளன்று வாழைப்பழம் தின்றுவிட்டு, முப்பத்தொன்பது வயதில் தான் பேசிப் பதிந்த டேப்பைக் கேட்கிறான். நடுவில், டேப் சுருளைக் குறிக்கும் ‘ஸ்பூல்’ என்ற சொல்லை ‘ஸ்பூ...ல்’ என்று இழுத்து, குழந்தைபோல் சிரித்துக்கொள்வான். அந்த இடத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள்.