வரிக்குதிரை ஏன் முன்னால் போகிறது?

ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் வரிக்குதிரையும் வில்டபீஸ்ட் என்ற பெரிய மானினமும் புல்லைத்தான் தின்கின்றன, பிறகு எப்படி இரண்டும் பிழைக்கின்றன என்ற கேள்வியில் மகளின் பள்ளிக் கட்டுரை நின்றுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். மேய்ச்சல் தேடி இடம்பெயரும்போது வரிக்குதிரை முன்னால் போகும், வில்டபீஸ்ட் அதன் பின்னால் வரும். இந்த வரிசைக்கும் உங்கள் கேள்விக்கும் விடை பல்லிலும் குடலிலும் இருக்கிறது.

வரிக்குதிரைக்கு இரு தாடைகளிலும் வெட்டுப்பற்கள் உண்டு. முற்றி உயர்ந்த புல்லின் தண்டை நறுக்கென்று கடித்துவிடும். அது அசைபோடுவதில்லை, உணவு பெருங்குடல் பகுதியில் நொதித்து விரைவாக வெளியேறிவிடுவதால், சத்துக் குறைந்த புல்லையும் நிறையத் தின்று சமாளிக்கிறது. வில்டபீஸ்டுக்கோ மேல் வெட்டுப்பற்களே கிடையாது. அசைபோடும் அந்த விலங்குக்கு, குட்டையான, இலை மிகுந்த புல்தான் ஏற்றது. கடைசியாக வரும் தாம்சன் சிறுமான் தளிரையும் சிறு செடிகளையும் பொறுக்கித் தின்னும்.

ஒன்றை மகளிடம் அழுத்திச் சொல்லுங்கள்: வரிக்குதிரை முன்னால் போய் மற்றவற்றுக்கு வழிவிடுவது நட்பு அல்ல. சுமார் 2 லட்சம் வரிக்குதிரைகளுக்குப் பின்னால் 10 லட்சத்துக்கும் அதிகமான வில்டபீஸ்டுகள் வருகின்றன. அவை மேய்ந்த இடத்தில் வரிக்குதிரைக்கு வயிறு நிறையாது, ஆகவே முந்திக்கொள்கிறது. சிறுவர் நூல்கள் இதைத் தியாகமாக எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, உண்மையே அவ்வளவு அழகாக இருக்கிறதே! படம் வேண்டுமானால், மூன்று விலங்குகளையும் புல்லின் மூன்று உயரங்களுக்கு நேராக வரையச் சொல்லுங்கள்.