காட்டுக்கோழி இறகை அனுப்பலாமா?

கேள்வி: அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் இருக்கும் என் மருமகன், டிரவுட் மீன் பிடிக்க ‘கிரே கோஸ்ட்’ என்ற ஃப்ளையை, அதாவது தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் போலி இரையை, தானே கட்டுகிறார். அதற்கு நம் காட்டுச் சேவலின் கழுத்து இறகு தேவையாம். தெரிந்தவர் ஒருவர் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். பார்சலில் அனுப்பலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. அந்தத் தெரிந்தவரிடம் வாங்கவும் வேண்டாம். சாம்பல் காட்டுக்கோழியை வேட்டையாடுவதும் அதன் இறகை விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கழுத்து இறகைக் கொத்தாக ஒருவர் நீட்டினால், எங்கோ ஒரு சேவல் கண்ணியில் சிக்கியிருக்கும் என்றே நான் சந்தேகிப்பேன். குன்னூர்த் தேயிலைச் சரிவில் விடியலில் அது கூவக் கேட்டவன் நான், மனம் ஒப்பவில்லை.

மருமகனின் ஆசை எனக்குப் புரிகிறது. அந்த ஃப்ளை அவர் வாழும் மாநிலத்திலேயே பிறந்தது. தொப்பி அலங்காரத் தொழில் தெரிந்த கேரி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி, 1924 ஜூலை 1 அன்று வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் புதிதாக ஒரு ஃப்ளை கட்டினார். அதைக் கொண்டு அப்பர் டேம் என்ற இடத்தில் 6 பவுண்டு 13 அவுன்ஸ், அதாவது 3 கிலோவுக்குச் சற்று மேல், எடையுள்ள புரூக் டிரவுட்டைப் பிடித்தார். ‘ஃபீல்டு அண்டு ஸ்ட்ரீம்’ பத்திரிகைப் போட்டியில் அதற்கு இரண்டாம் பரிசு கிடைக்க, ஆர்டர்கள் குவிந்தன. அவர் கட்டியவற்றில் மிகப் புகழ்பெற்றது கிரே கோஸ்ட். முள்ளைப் பொருத்தக் கருவி எதுவும் இல்லாமல், விரலிடுக்கில் பிடித்தே எல்லாவற்றையும் கட்டினார். என்ன கைகள்!

நீண்ட தண்டுள்ள முள்ளில் ஆரஞ்சுப் பட்டு நூல், மேலே வெள்ளி ஜரிகைச் சுற்று, வெள்ளை மான்வால் முடி, மயில்தோகை இழை, முதுகாகச் சாம்பல் இறகுகள். தண்ணீரில் இழுத்தால் ஸ்மெல்ட் என்ற மெலிந்த சிறு மீனைப் போலவே நீந்தும். வசந்தத்தில் ஏரிப் பனி உருகியதும் ஸ்மெல்ட் முட்டையிட ஓடைகளில் கூட்டமாக ஏறும். ஏரிச் சால்மனும் டிரவுட்டும் துரத்தி வரும். காட்டுக்கோழி இறகின் நுனியில் மெழுகு பூசியதுபோல் மின்னும் பொட்டுதான் இந்தப் போலி ஸ்மெல்ட்டுக்குக் கண்.

பண்ணையில் வளர்த்த பறவைகளின் இறகு அங்கே கடைகளில் கிடைக்கும், விலைதான் அதிகம். சாதாரண இறகில் கண்ணை வரைந்து ஒட்டினாலும் போதும். அதுவும் இல்லாமலே மீன் கடிக்கும். அவர் கவனிக்க வேண்டியது ஆழத்தை. பனி உருகிய புதிதில் சால்மன் மேல்மட்டத்திலேயே திரியும், தண்ணீர் சூடேறியதும் அடியில் இறங்கிவிடும். ஆகவே இறகுக்காகக் காத்திருந்து மே மாதத்தை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.