பால் குறையாமல் எடை குறைக்க

சகோதரி, குழந்தைக்கு மூன்று மாதம், ஓட ஆரம்பித்தால் பால் வற்றுமா, புளிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நடக்காது. மிதமான உடற்பயிற்சி பாலின் அளவையும் சத்தையும் குறைப்பதில்லை. மூச்சுமுட்டப் பயிற்சி செய்தால் பாலில் லாக்டிக் அமிலம் சற்றுக் கூடலாம்; குழந்தைக்குத் தீங்கில்லை.

எனக்குக் கவலை தருவது நீங்கள் இரவு உணவை நிறுத்தியதுதான். பால் சுரக்கவே உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி செலவழிக்கிறது. அதன் மேல் பட்டினியும் கிடந்தால் முதலில் சோர்வது நீங்கள். பிறகு பாலும் குறையலாம். இரவு உணவை மீண்டும் தொடங்குங்கள். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும். பத்து மாதம் ஏறிய எடை பத்து நாளில் இறங்க வேண்டும் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பால் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்குப் போங்கள், மார்பு கனக்காது. நன்றாகத் தாங்கும் உள்ளாடை அவசியம். முதலில் வேகநடை, பிறகு ஓட்டம். சிசேரியன் என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ அடிவயிறு கனத்தாலோ நிறுத்திவிட்டு அவரிடம் காட்டுங்கள். குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுமானதாக இருக்கிறது.