பழைய லேப்டாப்பும் ஜெராக்ஸ் கடையும்: லினக்ஸ் கேள்வி-பதில்

2014-ல் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி ராம். விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டதாமே, எந்த லினக்ஸ் போடலாம்? (மன்னார்குடி)

ஆமாம், 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம், அதில் பல வகைகள் (டிஸ்ட்ரோ) உண்டு. லினக்ஸ் மின்ட் என்ற வகையைப் போடுங்கள், அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. சின்னமன் பதிப்பு அழகுதான், ஆனால் 4 ஜிபியில் பத்து டேப் திறந்தால் இழுக்கும். கையில் காசிருந்தால் முதலில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான ஒரு எஸ்எஸ்டி மாட்டுங்கள். டிஸ்ட்ரோ மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட அதில்தான் வேகம் தெரியும். இன்ஸ்டால் செய்வதற்கு முன் பென்டிரைவிலிருந்தே இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். வைஃபை எடுக்கிறதா, பிரிண்டர் ஓடுகிறதா, மூடித் திறந்தால் எழுகிறதா என்று தெரிந்துவிடும்.

ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் செய்வதற்கான ஃபைல்) மின்ட் தளத்தில் மட்டும் இறக்குங்கள், அது அசல்தானா என்று காட்டும் ஜிபிஜி கையொப்பத்தையும் சரிபாருங்கள். 2016 பிப்ரவரியில் அந்தத் தளத்துக்குள்ளேயே ஆள் புகுந்து, பின்கதவு (கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய வழி) வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார்கள்.

திருவாரூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். லினக்ஸ் போட்டால் வாடிக்கையாளர் விவரம் பத்திரமாக இருக்குமா?

வைரஸ் தொல்லை குறையும், அவ்வளவுதான். ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. சம்பா அறுவடை நேரத்தில் ஒரு கடைக்குப் பிரிண்டர் பார்க்கப் போனேன். கொள்முதல் நிலையத்துக்குக் கொடுக்க சிட்டா, அடங்கல், பாஸ்புக் என்று வரிசையில் ஆட்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் 'ஆதார் (47)' வரை கிடக்கிறது. அடுத்து வருபவர் தன் ஃபைலைத் தேடும் சாக்கில் ஊரார் ஆதாரையெல்லாம் பார்த்துவிடலாம்.

மின்ட்டில் லாகின் விண்டோ அமைப்பில் கெஸ்ட் செஷனை (தற்காலிக விருந்தினர் கணக்கு) அனுமதிக்கலாம். அதில் வேலை பார்த்து லாக்அவுட் செய்தால் இறக்கிய ஃபைல், பிரவுசர் லாகின் எல்லாம் அழிந்துவிடும். கூட்டம் இருக்கிறதே என்று நாள் முழுக்க ஒரே செஷனை ஓட்டினால் பயனில்லை. அப்புறம், கடை வாட்ஸ்அப்புக்கு வரும் படங்கள் போனில் தங்கும். மறையும் மெசேஜை 24 மணி நேரத்துக்கு வையுங்கள், கேலரியில் சேமிப்பதையும் நிறுத்துங்கள்.

கணக்கு எழுதும் டாலி மென்பொருள் லினக்ஸில் ஓடுமா? (கும்பகோணம், பாத்திரக் கடை)

டாலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் கருவி) போட்டு ஓட்டலாம் என்று சொல்பவர் கணக்கு முடிக்கும் மார்ச் 31 அன்று போனை எடுக்க மாட்டார். கணக்குக்கு ஒரு விண்டோஸ் கணினி இருக்கட்டும்.

இலவச விபிஎன் போடலாமா? (மயிலாடுதுறை)

வேண்டாம். விபிஎன் என்றால் நம் இணையப் போக்குவரத்து வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகும். இணைய நிறுவனம் பார்க்கக் கூடாது என்று முகம் தெரியாத வேறொரு நிறுவனத்திடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பது என்ன கணக்கு? அன்றாட வேலைக்கு ஃபயர்ஃபாக்ஸ், அதில் விளம்பரத்தைத் தடுக்க யூபிளாக் ஆரிஜின், பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கக் கீபாஸ்எக்ஸ்சி போதும்.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோயில் பத்திரிகைகள் திறக்குமா? (பாபநாசம்)

திறக்கும். பாமினி எழுத்துருவை வீட்டு ஃபோல்டரில் '.ஃபான்ட்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் (பெயரை ஆங்கிலத்தில் அடியுங்கள்) போட்டுவிட்டு லிப்ரே ஆபீஸில் (வேர்டு போன்ற இலவச மென்பொருள்) திறங்கள். வரி கொஞ்சம் தள்ளிப்போகும், கையால்தான் இழுத்து வைக்க வேண்டும். புதிதாக அடிப்பதை யூனிகோடில் (எந்தக் கணினியிலும் படிக்கும் பொது முறை) அடியுங்கள். தட்டச்சுக்கான எம்17என் மென்பொருள் தொகுப்பில் தமிழ்99, டைப்ரைட்டர் இரண்டு விசைப்பலகையும் இருக்கின்றன.