ஃபோர்-டி சைஸ்மிக்: வித்தியாச வரைபடத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி (மாணவி): சார், த்ரீ-டி நில அதிர்வு ஆய்வோடு ஒப்பிட்டால் ஃபோர்-டியில் என்ன கூடுதல்?

காலம், அவ்வளவுதான்ம்மா. த்ரீ-டி என்பது பூமிக்குள் ஒலி அலை அனுப்பி, எதிரொலியைப் பதிந்து எடுக்கும் படம். அதே எண்ணெய் வயலில் சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் த்ரீ-டி எடுத்து, புதியதிலிருந்து பழையதைக் கழிக்கிறோம். மிஞ்சுவதுதான் வித்தியாச வரைபடம். பாறை அப்படியே இருக்கும், அதன் துளைகளிலுள்ள எண்ணெய், நீர், வாயு, அழுத்தம் மட்டுமே மாறும் என்பது நம் கணக்கு. அது பொய்த்த இடமும் உண்டு, கீழே வருகிறது.

கேள்வி (உற்பத்திப் பொறியாளர்): நீர் எண்ணெயைத் தள்ளினால் பாறை இறுகியதாகத் தெரிய வேண்டும். எங்களுக்கோ நீர் ஏற்றும் கிணற்றைச் சுற்றி இளகியதாகத் தெரிகிறது. ப்ராசஸிங் (பதிந்த தரவைப் படமாக்கும் வேலை) கோளாறா?

அவசரப்பட்டு ப்ராசஸிங் செய்தவர்கள் மேல் பழி போடாதீர்கள். நீர் எண்ணெயைவிட அடர்த்தியானது, எளிதில் அமுங்காது. அதனால் இறுக்கமும் அலை வேகமும் கூடும் என்பது சரி. ஆனால் கிணற்றருகே துளை அழுத்தமும் ஏறுகிறது. மணல் துகள்களின் பிடி தளர்ந்து அலை வேகம் குறைகிறது. இரண்டும் எதிரெதிர். ஓரிடத்தில் சமமாகிவிட்டால் வரைபடம் வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்து 'நீர் இங்கே வரவில்லை' என்று எழுதிவிடுவார்கள்!

பாறையைப் பக்கவாட்டில் அசைத்தபடி போகும் குறுக்கலையின் வேகம் நீர் புகுந்தால் பெரிதாக மாறாது, அழுத்தம் ஏறினால் மாறும். அலை சாய்ந்து பட்டுத் திரும்பும்போதுதான் எதிரொலியில் குறுக்கலை வேகத்தின் பாதிப்பு தெரியும். ஆகவே கிட்டக் கோணத் தரவையும் (ஏறக்குறைய நேராகப் பட்டுத் திரும்பியது) எட்டக் கோணத் தரவையும் (சாய்வாகப் பட்டுத் திரும்பியது) தனித்தனியே பாருங்கள். நார்வேயின் குல்ஃபாக்ஸ் வயல் தரவில் நில இயற்பியலாளர் மார்ட்டின் லான்ட்ரோ 2001-இல் இந்த வழியில்தான் இரண்டையும் பிரித்துக் காட்டினார். கிணற்று அழுத்தமானி சொல்வதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாயு வெளிவந்த இடம் பளிச்சென்று தெரிகிறது. எவ்வளவு வாயு என்று சொல்லலாமா?

முடியாது. சில சதவீத வாயு கலந்தாலே வேகம் சட்டென்று விழுந்துவிடும். அதற்குமேல் எவ்வளவு சேர்ந்தாலும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இராது.

கேள்வி: எண்ணெய் தங்கியிருக்கும் தேக்கப் பாறைக்கு மேலேயும் வித்தியாசம் வருகிறதே, இரைச்சல்தானே?

பெரும்பாலும் ஆமாம். கடல்நீரின் வெப்பம், ஓதம், எதிரொலியைப் பதியும் கேபிள் பழைய இடத்திலிருந்து விலகுவது எல்லாம் சேரும். இரு தரவும் எவ்வளவு விலகுகின்றன என்று அளக்க என்ஆர்எம்எஸ் என்ற அளவு இருக்கிறது: இரு தரவும் அச்சாக ஒத்தால் 0, சம்பந்தமே இல்லாவிட்டால் 141 சதவீதம். இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் நார்வேயின் வால்ஹால் வயலில் 2003-இல் கேபிள்களைக் கடலடியிலேயே நிரந்தரமாகப் பதித்தார்கள்.

ஆனால் மேலே தெரிவது எல்லாமே இரைச்சல் அல்ல. நார்வேயின் எகோஃபிஸ்க் வயலின் சுண்ணப் பாறை எண்ணெய் எடுக்க எடுக்க அமுங்கியது. கடலடி தாழ்வதை 1984-இல் கவனித்தார்கள், 1987-இல் கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளை 6 மீட்டர் உயர்த்தினார்கள். இப்படி அடிப்பாறை அமுங்கும்போது மேற்பாறை இழுபட்டு, அதில் அலை வேகம் குறைகிறது. எதிரொலி சில மில்லி விநாடி தாமதமாக வரும். ஆழம் கூடக்கூடத் தாமதமும் சீராகச் சேர்ந்துகொண்டே போனால் அது நிஜம். அதை 'சரிசெய்து' நேராக்குவது, கிடைத்த தகவலைக் கையாலேயே அழிப்பது.

கேள்வி: எங்களுடையது இறுகிய சுண்ணாம்புப் பாறை. ஃபோர்-டி எடுக்கலாமா?

முதலில் கிணற்றுப் பதிவை வைத்துக் காஸ்மன் சமன்பாட்டில் (துளையிலுள்ள திரவம் மாறினால் அலை வேகம் எவ்வளவு மாறும் என்று சொல்வது) எண்ணெய்க்குப் பதில் நீரைப் போட்டுக் கணக்கிடுங்கள். கட்டுறுதியான பாறையில் திரவம் மாறுவது அலைக்குச் சரியாக உறைக்காது. வரும் மாற்றம் இரைச்சலுக்குள் அடங்கிவிட்டால் ஆய்வுக் கப்பலுக்குச் சொல்லி அனுப்பாதீர்கள்.