பாம்பனிலிருந்து ஒரு பதில்: கடலில் நடக்கும் வீடியோ கேம்கள்

"சமீபத்தில் நீங்கள் விளையாடிய வீடியோ கேம்கள் எவை? எப்படி இருந்தன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு ஊர் பாம்பன். மாமா விசைப்படகு டிரைவர், அத்தைக்கு மீன் வியாபாரம், பெரியம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். நான் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். கொஞ்ச காலமாகக் கடலில் நடக்கும் கேம்களாகத் தேடி விளையாடி வருகிறேன். இப்படி ஒரு வீட்டில் இருந்துகொண்டு கடல் கேமைத் தனியாக விளையாட முடியாது. பின்னால் நின்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்ட பிறகு, கேம் எவ்வளவு அழகாகக் கடலைக் காட்டுகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். எப்போது கரைக்குத் திரும்புவது என்ற முடிவை என் கையில் கொடுக்கிறதா, தப்பாக முடிவெடுத்தால் அதற்கு விலை இருக்கிறதா, இதைத்தான் இப்போது பார்க்கிறேன். இந்தக் கணக்கில் முதலிடம் 'டிரெட்ஜ்' கேமுக்கு.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கும் பிளாக் சால்ட் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் செய்தது. 2023 மார்ச் 30 அன்று வெளிவந்தது. படகு உடைந்து ஒரு தீவில் கரை ஒதுங்கிய மீனவர் நீங்கள். ஊர் மேயர் ஒரு பழைய படகைக் கடனாகத் தருகிறார். மீன் பிடித்து, விற்று, அந்தக் கடனை அடைக்க வேண்டும். நான் இதை ஆடியபோது மீன்பிடித் தடைக்காலம், மாமா வீட்டில்தான் இருந்தார். கடன் என்று வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் கரையில் என்ஜினுக்கோ வலைக்கோ வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், கடன் தீரும்வரை மீனை அவரிடமே போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. கேமில் மேயரின் கடன் சீக்கிரமே அடைந்துவிடும். மாமா அதை நம்பவே இல்லை. "அவ்வளவுதானா? வட்டி எங்கேயாச்சும் ஒளிஞ்சிருக்கும், நல்லாப் பாரு மாப்ள" என்றார்.

இந்தக் கேமின் உயிர் அதன் படகுக் கிடங்கில் இருக்கிறது. கிடங்கு சதுரக் கட்டங்களாகத் தெரியும். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வடிவம். சின்ன மீன் ஒன்றிரண்டு கட்டத்தில் அடங்கிவிடும். விலாங்கு வளைந்து வளைந்து இடம் பிடிக்கும், சுறா வந்தால் பாதிக் கிடங்கு போய்விடும். என்ஜின், விளக்கு, தூண்டில் எல்லாமே அதே படகில்தான் இடம் கேட்கும். பாறையில் மோதினால் ஒரு கட்டம் உடையும், அங்கே வைத்திருந்த மீன் கடலோடு போய்விடும். பிடித்த மீன் நேரம் ஆக ஆகப் பழசாகி, கடைசியில் அழுகி விலையில்லாமல் போகும். படகு நகர்ந்தாலோ மீன் பிடித்தாலோதான் கடிகாரம் ஓடும். சும்மா நின்றால் நேரமும் நிற்கும். ஆகவே ஒவ்வொரு முறை என்ஜினைக் கிளப்பும்போதும் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது: இன்னும் தூரம் போனால் விலையுள்ள மீன் கிடைக்கும், ஆனால் ஏற்கனவே இருக்கும் மீன் அதற்குள் கெட்டுவிடும்.

ஒருநாள் கிடங்கு நிறைய மலிவான மீனை அடுக்கிவிட்டு, நல்ல மீன் கண்ணில் பட்டதும் எதைத் திருப்பிப் போட்டு இடம் பண்ணுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "சங்காயத்தை எடுத்துக் கடல்ல போடு. எடம் வேணும்ல" என்றார். சங்காயம் என்றால் கோழித் தீவனத்துக்கு அரைக்கப் போகும் கழிவு மீன். இங்கே மடியில், அதாவது விசைப்படகு இழுக்கும் வலையில், நல்ல மீனோடு சேர்ந்து வருவதில் அதுவும் நிறைய இருக்கும். கப்பல் கேம், போர் கேம் என்று எத்தனையோ பார்த்த எனக்கு, ஒரு கேம் என் மாமாவின் வாயிலிருந்து அவருடைய தொழில் பேச்சை அப்படியே வரவழைத்தது பெரிய விஷயம்.

இரவு விஷயத்தில்தான் அவருக்கும் கேமுக்கும் ஒத்துப்போகவில்லை. டிரெட்ஜில் இருட்டினால் பயம் ஏறும். திரையின் மேலே ஒரு கண் திறந்து சுழல ஆரம்பிக்கும். இல்லாத பாறை முளைக்கும், பின்னாலேயே ஏதோ விளக்குப் போட்டுக்கொண்டு வரும். கரைக்கு வந்து தூங்கினால்தான் அடங்கும். ஆனால் எங்கள் கடலில் இரவு என்பது வேலை நேரம். காலையில் புறப்பட்ட விசைப்படகு ராத்திரியெல்லாம் மடி இழுத்துவிட்டு மறுநாள் விடிந்துதான் திரும்பும். "இருட்டுக்கு எவன் பயந்தான்? காத்துத் திரும்புறதுதான் பயம்" என்றார் மாமா. தூக்கத்தைப் பற்றி மட்டும் ஒப்புக்கொண்டார். தூங்காமல் சுக்கான் பிடித்தால் இல்லாத வெளிச்சமெல்லாம் தெரியும் என்று அவரே சொன்னார். அதற்குமேல் அவர் விவரிக்கவில்லை.

காற்றுதான் இந்தக் கேமில் எனக்குப் போதாமல் இருந்தது. மழை, பனிமூட்டமெல்லாம் நன்றாகவே வருகிறது. ஆனால் காற்றும் நீரோட்டமும் படகை இழுத்துக்கொண்டு போகிற உணர்வு கிடைக்கவில்லை. பாம்பன்காரனுக்கு அது பெரிய குறை. எங்களுக்கு ஒரு பக்கம் தென்கடல் (மன்னார் வளைகுடா), மறுபக்கம் வடகடல் (பாக் நீரிணை). ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை வந்தால் நிலைமை தலைகீழ். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கனே தரமாட்டார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவனுக்கு எந்தத் திசையில் போனாலும் ஒரே மாதிரி நகரும் படகு கொஞ்சம் பொம்மைபோலத்தான் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: கேமில் மீனவர் தனி ஆள். நிஜத்தில் விசைப்படகில் யாரும் தனியாகப் போவதில்லை. கூட நாலைந்து பேர் இருப்பார்கள், சோறு பொங்குவார்கள், மாறி மாறித் தூங்குவார்கள். அப்படி ஒரு படகுக் குழுவை வைத்து யாராவது கேம் செய்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

சரி, அடுத்தது 'சப்நாட்டிகா'. அமெரிக்காவின் அன்நோன் வேர்ல்ட்ஸ் நிறுவனத்தின் கேம், முழு வடிவம் 2018-ல் வந்தது. பழைய கேம்தான், எனக்குத்தான் இப்போது கிடைத்தது. விண்கலம் விழுந்து, கிட்டத்தட்ட முழுக்கக் கடலாக இருக்கும் ஒரு கிரகத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள். ஆரம்பத்தில் உங்களிடம் இருப்பது 45 நொடி மூச்சு. சின்ன ஆக்சிஜன் உருளை செய்துகொண்டால் 75 நொடி ஆகும். நூறு மீட்டருக்குக் கீழே போனால், அதற்கென்று ஒரு முகக்கருவி இல்லாதவரை, மூச்சு இன்னும் வேகமாகக் கரையும்.

இதைப் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவர் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறித்து வருபவர். நான் கீழே கனிமக் கட்டிகளைத் தேடிக்கொண்டே இருக்க, மூச்சு தீரப் போகிறது என்று கேம் குரல் எச்சரித்தது. பெரியம்மா என் தோளில் தட்டினார். "அது சொல்றவரைக்கும் ஏன்டா கீழ நிக்கிற? பாதி மூச்சு மேல ஏறுறதுக்கு வேணும். கை நெறையலனா நெறையல, ஏறு" என்றார். அதற்குப் பிறகு அப்படித்தான் விளையாடினேன். ஆழத்தைப் பார்த்து, ஏறுவதற்கு எவ்வளவு வேண்டும் என்று முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தில் தேடுவது. கேமின் வேகமே மாறிவிட்டது. அவசரமாக முங்கி அவசரமாக ஏறிய இடங்களில் இப்போது நின்று பார்க்க முடிந்தது.

ரீஃப்பேக் என்று ஒரு பெரிய உயிரினம் இந்தக் கேமில் வரும். முதுகில் செடியும் பாறையுமாகச் சுமந்துகொண்டு, முனகிக்கொண்டே மெதுவாக நீந்திப் போகும். யாரையும் ஒன்றும் செய்யாது. அதன் சத்தத்தைக் கேட்டதுமே எனக்குக் கை நடுங்கியது. பெரியம்மாவோ, "இது ஒண்ணும் செய்யாது, ஆவுளியா மாதிரி சாது" என்று சொல்லிவிட்டார். கடல்பசுவைத்தான் நாங்கள் ஆவுளியா என்போம். முதல் பார்வையிலேயே எப்படிச் சொன்னார் என்று கேட்டேன். சுற்றியிருந்த சின்ன மீன்கள் ஓடவில்லையே என்றார். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

சப்நாட்டிகாவில் வரைபடம் கிடையாது. மிதவைக் குறிகளை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள், எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. அரோரா என்ற அந்த உடைந்த விண்கலம் தண்ணீருக்கு மேலே மலைபோல் கிடக்கும், பெரும்பாலான இடங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியும். அதை ஒரு பக்கம் வைத்து, என் தங்குமிடத்தை இன்னொரு பக்கம் வைத்து, நான் எங்கே இருக்கிறேன் என்று பிடித்துக்கொள்வேன். ஜி.பி.எஸ். வருவதற்கு முன் எங்கள் ஆட்கள் ராமேஸ்வரம் கோபுரத்தையும் பாம்பன் கலங்கரை விளக்கத்தையும் வைத்து இப்படித்தான் இடம் பிடித்தார்கள். பிறகு 323 மீட்டர் உயர ராமேஸ்வரம் டிவி டவர் வந்தது. அரோராவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டவர்தான் ஞாபகம் வருகிறது.

இதில் துப்பாக்கியும் இல்லை. 2012-ல் அமெரிக்காவின் சாண்டி ஹுக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, தன் கேமில் துப்பாக்கி வேண்டாம் என்று இயக்குநர் சார்லி கிளீவ்லாண்ட் முடிவெடுத்தார். கடலில் துப்பாக்கிச் சத்தம் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த ஊர் எங்களுடையது. கடலில் எது எதிரே வந்தாலும் விலகிப் போ, ஒளிந்துகொள், தப்பித்து வா என்று மட்டும் சொல்லும் கேம் எனக்கு மனதுக்கு நெருக்கமாகிவிட்டது.

'டேவ் தி டைவர்' பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்கொரியாவின் மின்ட்ராக்கெட் செய்தது, 2023 ஜூனில் வந்தது. பகலில் முங்கி மீன் பிடிப்பது, ராத்திரி சுஷி கடையில் அதைப் பரிமாறுவது. மூச்சு தீர்ந்து மயங்கினால் பிடித்ததில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துவர முடியும், அந்த வகையில் திரும்பும் முடிவுக்கு விலை இருக்கிறது. மீனைச் சுட்டுப் பிடித்தால் தரம் குறைவு, வலையிலோ மயக்க ஊசியிலோ உயிரோடு பிடித்தால் தரம் கூடுதல். அத்தைக்கு இந்த ஒரு விஷயத்திலேயே கேம் பிடித்துவிட்டது. "கணவாய்த் தோலு உரிஞ்சிருந்தா ஏலத்துல எவனும் திரும்பிப் பாக்கமாட்டான்" என்று திரையைப் பார்த்தே தலையாட்டினார். கடல்குதிரைகளைப் பிடித்துப் பந்தயம் விடும் பகுதிதான் எனக்கு ஒட்டவில்லை. இங்கே 2001-லிருந்து கடல்குதிரை, கடல் அட்டை இரண்டுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை, பிடித்தால் வழக்குதான். கேமில் பாதிக்கு மேல் வயல், மீன் பண்ணை என்று வேலைகள் குவிந்து, முங்குவதற்கே நேரமில்லாமல் போகிறது. முதல் பாதி அருமை.

கடல் இல்லாத கேம் ஒன்று: 'வெண்பா'. 1988-ல் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை. டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது, 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுகக் கேம் விருது வாங்கியது. ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். இட்லித் தட்டை அடுக்கும் இடத்தில் அம்மாவிடம் மவுஸைக் கொடுத்தேன். என்னைவிட வேகமாக முடித்தார்.

எங்கள் ஊர்ப் பையன்கள் விளையாடுவது என்னவோ போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேமான பிஜிஎம்ஐதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாளும், மராமத்துக்கு ஏற்றிய படகின் நிழலில் நாலு பேராக உட்கார்ந்து ஆடுவார்கள். 2022 ஜூலையில் அது ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பி வந்தபோது ஊரே கொண்டாடியது. நானும் அவர்களோடு ஆடுவதுண்டு, நண்பர்களோடு பேசிக்கொண்டே ஆடுவதற்கு அதைவிட நல்லது இல்லை. அதற்குமேல் அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: முதலில் டிரெட்ஜ் வாங்குங்கள். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடுகிறது, அடிக்கடி தள்ளுபடியும் வரும். ஹெட்போன் போட்டு விளையாடுங்கள், ராத்திரி என்ஜின் சத்தம் அடங்கியதும் வரும் ஒலிகளை அப்போதுதான் பிரித்துக் கேட்க முடியும். சப்நாட்டிகாவுக்குக் கொஞ்சம் பலமான கம்ப்யூட்டர் வேண்டும். ஆழம் என்றாலே பயம் என்பவர்கள் அதை வீட்டில் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. முங்கத் தெரிந்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது.