தனியாகப் பதில் தரும் இரண்டு மின் மீட்டர்கள், ஒரே ஆர்எஸ்-485 (பல கருவிகளை இணைக்கும் தரவு இணைப்பு) வயரில் சேர்த்ததும் பதில் தராதது ஏன்?

பெரும்பாலும் இரண்டு மீட்டர்களிலும் ஒரே மாட்பஸ் முகவரி (மாட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறையில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) இருக்கிறது. ஒன்றை 2 என்று மாற்றுங்கள். தனித்தனியே இணைத்தால் அளவீடு வந்து, சேர்த்தால் டைம்அவுட்டும் (நேரத்துக்குள் பதில் வராமை) சிஆர்சி பிழையும் (வந்த தரவு சிதைந்திருப்பதைக் காட்டும் பிழை) மாறி மாறி வருவது பெரும்பாலும் இதையே காட்டுகிறது.

பல கருவிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே முகவரி 1 உடன்தான் வருகின்றன. ஆர்எஸ்-485 இல் எல்லாக் கருவிகளும் ஒரே ஜோடி வயரைப் பகிர்ந்துகொள்வதால், மாஸ்டர் (அளவீடுகளைக் கேட்கும் கருவி) முகவரி 1 ஐக் கேட்டதும் இரண்டு மீட்டர்களும் ஒரே நொடியில் பதிலளிக்க, சிக்னல்கள் மோதிச் சிதைந்துவிடுகின்றன.

சரிபார்க்கும் முறை:

1. ஒரு மீட்டரைக் கழற்றிவிட்டு, மற்றதன் மெனுவில் முகவரியை 2 ஆக்குங்கள் (1 முதல் 247 வரை செல்லும்). பாட் ரேட்டையும் (தரவு செல்லும் வேகம்) பாரிட்டியையும் (பிழை கண்டறியும் அமைப்பு) தொடாதீர்கள்.
2. மின்சாரத்தை நிறுத்திப் போட்டு, அதைத் தனியாக 2 என்ற முகவரியில் கேளுங்கள். சில மீட்டர்களில் இதன் பிறகே மாற்றம் நடைமுறைக்கு வரும்.
3. பதில் வந்தால் இரண்டையும் சேர்த்து இணையுங்கள்.

முகவரிகள் ஏற்கெனவே வேறாக இருந்தால், ஜோடி வயர் இணையும் ஏ, பி முனைகளில் வயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாத் தயாரிப்பாளர்களும் இவற்றை ஒரே பொருளில் குறிப்பதில்லை என்பது உண்மையிலேயே தொல்லை தரும் விஷயம். வயர் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் மின்தடையையும் ஒவ்வொரு மீட்டரிலும் போடாமல், வயரின் இரு கடைசி முனைகளில் மட்டும் போடுங்கள்.